லித்தியம் மாத்திரை: வாங்கும் முன் எந்த டெஸ்ட் எடுக்கணும்?

'ஞாபக மறதிக்குக் குறைந்த டோஸ் லித்தியம் நல்லதாமே, அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?' 2025 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ஹார்வர்டு ஆய்வு வெளியான பிறகு பலருக்கும் வந்திருக்கும் கேள்வி இது.

ஆனால், லித்தியம் ஓரோடேட் கொடுத்து ஞாபகசக்தி திரும்பியது எலிகளுக்குத்தான். யாரும் தாங்களாகவே சாப்பிட வேண்டாம் என்று ஆய்வுக் குழுவின் தலைவர் புரூஸ் யாங்க்னரே எச்சரித்திருக்கிறார்.

சரி, ரத்தத்தில் லித்தியம் குறைவா இருக்கானு பார்த்துட்டு சாப்பிட்டா?

அதுவும் உதவாது. லேபில் எடுக்கும் லித்தியம் டெஸ்ட், பைபோலார் நோயாளிகளின் ரத்தத்தில் மருந்து சரியான அளவில் (லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.2 மில்லிமோல்) இருக்கிறதா என்று பார்க்கத்தான். உணவு, தண்ணீர் வழியாகச் சேரும் நுண்ணளவு அதில் தெரியாது.

பார்க்க வேண்டியவை வேறு: கிரியேட்டினின், சோடியம், கால்சியம், தைராய்டு. லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பலவீனமாக இருந்தால் லித்தியம் உடம்பிலேயே தங்கிவிடும். சில பிபி மாத்திரைகளும், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும்.

அம்மா பிபி மாத்திரை சாப்பிடுறவரா? ஆர்டர் போடும் முன், அந்த மருந்துச் சீட்டோடு டாக்டரைப் பாருங்க.