பூட்டு யார் கையில்?

கணவர் வளைகுடாவில், பிள்ளைகள் இங்கே என்று குமரி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் செல்போன் செய்தியில்தான் வாழ்க்கை நடத்துகின்றன. நகை அடகு, வட்டிக் கணக்கு, மாமியார் மனஸ்தாபம் எல்லாம் அதில்தான் போகிறது. அப்படியிருக்க, 'எல்லாரும் வச்சிருக்காங்க' என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு செயலியை வைக்கலாமா?

தென்காசிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் 'அரட்டை' 2025-ல் பிரபலமானபோது, நம்ம பக்கத்துப் பொருள் என்று எனக்கும் பெருமைதான். ஆனால் அப்போது அதில் பேச்சுக்குத்தான் முழுப் பூட்டு. எழுதும் செய்திக்குத் தானாகக் கிடையாது. வாட்ஸ்அப்பில் 2016 முதல் இரண்டுக்கும் உண்டு. அதிலும் யாரோடு, எப்போது பேசினோம் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். சிக்னல் அதைக்கூடச் சேர்த்து வைப்பதில்லை. சொந்தக்காரர் கடை என்றாலும் தராசைப் பார்த்துத்தானே சாமான் வாங்குகிறோம்?

'மறைக்க என்ன இருக்கு?' என்று ஆண்கள் கேட்கிறார்கள். மறைப்பது வேறு, மானத்தோடு இருப்பது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டே 2017-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சகோதரிகளே, எந்தச் செயலியானாலும் ரகசிய எண் போடுங்கள். நம் கணக்கு வேறு போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து கிடக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் பூட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

- ஒரு வாசகி, நாகர்கோவில்.