ஏறும் முன் ஒரு நாள்!



"டூர்ல ஒரு நாள் சும்மா படுத்துத் தூங்கறதா? அதுக்கு எதுக்குடா காசு?"

இந்த ஆண்டுச் சுற்றுலாவில் மலை ஏறலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

போன வருஷம் பாலவாக்கத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் வெள்ளியங்கிரிக்குப் போனோம். அன்ரிசர்வ்டு பெட்டியில் ராத்திரி முழுக்க நின்றுகொண்டே கோவை. பகலெல்லாம் ஊர் சுற்றல். சாயங்காலம் காந்திபுரத்தில் பஸ் பிடித்து, பூண்டியில் இறங்கி, இரவோடு இரவாக ஏற ஆரம்பித்தோம். ஏழு மலை! மூன்றாவது தாண்டுவதற்குள் ஒருவனுக்கு வாந்தி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, கண் செருகியது. முன்பின் தெரியாத நாலு பேர்தான் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்கள். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. 2024-இல் மட்டும் அந்த மலையில் பக்தர்கள் பலர் இறந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

என் அப்பா கொத்தனார். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏன்டா, சிவில் படிக்கிறியே, ரூஃப் கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங் பிரிப்பியா?"

வகுப்பில் க்யூரிங் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை!

இந்த வருஷம் ஒரு நாள் முன்னதாகவே போனோம். பேரூரில் மாமா வீட்டில் தங்கினோம். மதியம் வரை தூக்கம். எழுந்ததும் பைகளைத் தரையில் கொட்டினோம். பாதிச் சாமான் வேண்டாதது! மிஞ்சியது டார்ச், ஸ்வெட்டர், தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கடலை மிட்டாய். புது ஷூ வாங்கியவனைப் பழையதையே போடச் சொன்னோம். பூண்டிக்குப் போன் போட்டு, மேலே மழையா, வழி திறந்திருக்கிறதா என்று விசாரித்தோம். ஐந்து பேரும் ஏறினோம், ஐந்து பேரும் இறங்கினோம்.

எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் பல நாள் நடந்து போகிறவர்கள்கூட, சுமார் 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறார்கள். ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு உடம்பு பழக வேண்டுமே! அவர்களெல்லாம் சோம்பேறிகளா?

உடம்பு மட்டுமல்ல, விசாரணையும் முக்கியம். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் எந்தக் காட்டுக்குள் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்று வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அந்த ஒரு நாள் வேண்டும்.

ஒரு நாள் என்றால் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. நம்மில் பலருக்கு ஒரு நாள் கூலியும் போகும். நானும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவன்தான், அந்தக் காசின் அருமை தெரியாமல் பேசவில்லை. அதனால் நம் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: சுற்றுலாத் திட்டத்தில் ஓய்வு நாளைச் சேருங்கள்; அன்றைய சாப்பாட்டுச் செலவைச் சங்கமே ஏற்கட்டும்.

போன கூலியை அடுத்த வாரம் சம்பாதிக்கலாம். போன நண்பனை?

சிந்திப்போம் தோழர்களே!