எதில் ஐந்து?



ஆடி பிறந்துவிட்டது. ஜவுளிக்கடை வாசலில் '50% + 20%' என்று கண்டதும் எழுபது என்று கூட்டிக்கொண்டே படியேறுகிறோம். ஆயிரம் ரூபாய்ப் புடவை முதலில் 500 ஆகும். அடுத்த 20% அந்த ஐந்நூறில்தான் கழியும். பில் 400. கழிவு அறுபதுதான். போகட்டும், புடவை நன்றாக இருந்தால் சரி.

நகைக்கடையில் அப்படி விட முடியாது. ஐந்து சவரன் ஆரம், 40 கிராம். சேதாரம் 12% என்றால் 4.8 கிராமுக்குக் கூடுதலாகப் பணம் கட்டுகிறோம். "சேதாரத்துல அஞ்சு பர்சன்ட் குறைச்சுக்கலாம்மா" என்பார்கள். 12 ஏழாகிறதா? அப்படியானால் 2.8 கிராம். அந்தப் பன்னிரண்டில் நூற்றுக்கு ஐந்து மட்டும் கழிகிறதா? அப்போது 11.4%, அதாவது 4.56 கிராம். இரண்டுக்கும் நடுவே 1.76 கிராம் தங்கம் நிற்கிறது. பில் போடும் முன்பே "எதில் ஐந்து?" என்று கேட்டுவிடுங்கள். கேள்விக்கு ஜிஎஸ்டி கிடையாது.

மனை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. முன்னும் பின்னும் 40 அடி, பக்கவாட்டில் 60 அடி; பெருக்கினால் 2,400 சதுர அடி, சரியாக ஒரு கிரவுண்டு. ஆனால் மனை சாய்ந்திருந்தாலும் நான்கு பக்கமும் இதே அளவுதான் காட்டும். டேப்பை மூலைக்கு மூலை குறுக்கே இழுத்துப் பாருங்கள். நேரான மனையில் ஏறக்குறைய 72 அடி வரும். 80 வந்தால் பரப்பு சுமார் 2,324 தான். 76 சதுர அடி, ஒரு சமையலறை, பத்திரத்தில் மட்டும் இருக்கும். கொத்தனார்கள் குறுக்களவு பார்க்காமல் கடைக்கால் தோண்டுவதில்லை. வாங்குகிற நாம்தான் பார்ப்பதில்லை.

'சராசரிச் சம்பளம் 60,000' என்ற விளம்பரத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நால்வருக்கு இருபதாயிரம், ஒருவருக்கு 2,20,000 என்றாலும் சராசரி அறுபதாயிரமே. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள்.

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' கணக்கை நிலம், பொன், நெல் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்த நூல். அதே போக்கில் இந்த இதழிலிருந்து 'வீட்டுக் கணக்கு' பகுதியைத் தொடங்குகிறோம். உங்களைக் குழப்பிய பில், மனை வரைபடம், கடன் அட்டை எதுவானாலும், பெயர்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள். அடுத்த இதழில் ரெண்டு வட்டி.

அன்புடன்,
ஆசிரியர்