குற்றம் கோழியினுடையதா?

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் நம் நெய்வேலி நகரியத்தில் நீண்ட வரிசையை எங்கே காணலாம்? கோழிக்கடை வாசலில்தான்! அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட் என்றால் பதினொரு மணிக்கே குழம்பு கொதித்தாக வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களும் பையோடு அந்த வரிசையில் நிற்பவர்களே. ஆகவே கோழியின் பகைவர்கள் எழுதிய கட்டுரை இது என்று யாரும் எண்ண வேண்டாம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்களில் ஒருத்தியின் வீட்டில் ஐவர் கூடி உண்டோம். கோழி பிரியாணியும் தயிர் வெங்காயமும். மறுநாள் மாலைக்குள் மூவருக்குக் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி. ஒருத்திக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. தோழியின் அன்னை, "நன்றாகத்தானே வேகவைத்தேன்" என்று கண் கலங்கினார்கள். அவர்கள் வேகவைத்தது உண்மை. ஆனால் கோழியை நறுக்கிய அரிவாள்மனையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, அதிலேயே வெங்காயம் அரிந்தவர்கள் நாங்கள். நோய்க்குக் காரணம் இன்னது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. எங்கள் மனம் மட்டும் அந்த அரிவாள்மனையையே சுற்றி வருகிறது.

கோழியின் குடலில் சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் என்னும் பாக்டீரியாக்கள் குடியிருப்பதுண்டு. கோழிக்கு அவற்றால் பெரும்பாலும் துன்பமில்லை. அது கொக்கரித்துக்கொண்டு நலமாகவே திரியும். அறுக்கும்போது குடலிலுள்ளது இறைச்சியில் பட்டுவிடுகிறது. பிராய்லர் கோழிக்குத்தான் இது, நாட்டுக்கோழிக்கு இல்லை என்பார் உண்டு. குடல் இரண்டிற்கும் உண்டல்லவா? (சால்மொனெல்லா என்ற பெயருக்கும் சால்மன் மீனுக்கும் தொடர்பில்லை. 1885இல் இதனைக் கண்டறிந்தவர் தியோபால்ட் ஸ்மித். பெயரோ அவருக்கு மேலதிகாரியாயிருந்த டேனியல் சால்மன் என்னும் கால்நடை மருத்துவருடையது!)

வீட்டில் நேர்ந்ததைச் சொன்னோம். வெளியில் நேர்ந்தவை நாடறிந்தவை. கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் 2022 மே மாதம் ஷவர்மா உண்ட மாணவி ஒருத்தி இறந்தாள். 2023 செப்டம்பரில், முட்டைக்கும் கோழிக்கும் பெயர்பெற்ற நம் நாமக்கல்லிலேயே பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஷவர்மா உண்டபின் உயிரிழந்தாள். நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சென்றனர். எங்களைவிட ஒரு வயதே இளையவள். அச்செய்தியைப் படித்த அன்று முதல் எங்கள் வீடுகளில் எல்லாம் ஒரே கட்டளை: "வெளியில் சாப்பிடாதே!"

கட்டளை சரியே. சுழலும் கம்பியில் ஷவர்மா இறைச்சியின் மேற்புறம்தான் முதலில் வேகும். கூட்டம் மிகுந்து அவசரமாகச் சீவினால் வேகாத பகுதியும் சேர்ந்து வந்துவிடும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளை எண்ணித்தான். ஆனால் பெற்றோரே, இது பாதி உண்மை என்பது எங்கள் கருத்து. செறுவத்தூர்ச் சோதனையில் சால்மொனெல்லாவோடு ஷிகெல்லா என்ற கிருமியும் அகப்பட்டது. ஷிகெல்லா கோழியின் கிருமி அன்று. மனிதக் குடலிலிருந்து, கழுவாத கையின் வழியே உணவில் சேர்வது. கழுவாத கை கடையில் மட்டுமா இருக்கிறது?

இனிச் சொல்வதற்குப் பாட்டிமார் பொறுத்தருள வேண்டும். மஞ்சள் தூவி மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினால் கோழி சுத்தமாகிவிடும் என்பது நம் வழக்கம். குழாயடியில் கழுவும்போது கிருமிகள் ஒழிவதில்லை. நீர் தெறித்துத் தொட்டியிலும், பக்கத்துத் தட்டிலும், அரிந்து வைத்த தக்காளியிலும் போய் அமர்கின்றன. அவற்றைக் கொல்வது நெருப்பு ஒன்றே. இறைச்சியின் உட்புறம் 74 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் அவை மாளும். தளதளவென்று கொதிக்கும் நம் குழம்பு இதைத் தாராளமாகத் தாண்டிவிடும். தயிர் வெங்காயத்தை யார் கொதிக்க வைக்கிறார்கள்? கழுவித்தான் தீருவேன் என்பவர்கள் பாத்திரத்தில் மெல்ல அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்றும் உண்டு. இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு வரும் அப்பாவுக்காகப் பகல் குழம்பு அடுப்பின்மேலேயே காத்திருக்கிறது. சுவை பார்த்த கரண்டியோடு கிருமி ஒன்று உள்ளே போனால், நம் வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கக்கூடும். கணக்கு வகுப்பில் படித்த பெருக்குத் தொடர்வரிசை இங்கே உதவுகிறது: நான்கு மணி நேரத்தில் ஒன்று 4096 ஆகும்! குழம்பு ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பரிமாறுமுன் ஆவி பறக்க மீண்டும் கொதிக்கவிடலாமே. தூக்கக் கலக்கத்தில் இதைச் செய்யும் பொறுப்பை அம்மாவின் தலையில் மட்டும் சுமத்தாமல் நாங்களும், எங்கள் தம்பிமாரும் ஏற்கலாம். (தம்பிமார் இப்பக்கத்தைப் படிப்பார்களா என்பதே ஐயம்.)

சென்ற மாதம் அதே தோழியின் வீட்டில் அதே ஐவரும் மறுபடி கூடினோம். வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி அனைத்தையும் முதலில் அரிந்து மூடி வைத்தோம். கோழி கடைசியில்தான் பையைவிட்டு வெளியே வந்தது. அரிவாள்மனைக்குச் சோப்பும் வெந்நீரும் கிடைத்தன. பாட்டி மட்டும் மஞ்சள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையாவது போடலாமா, கூடாதா?" என்று கேட்டார். குழம்பில் போடச் சொன்னோம்.