தராசுக்கு முன்னால்

மடத்துக்குளத்தில் நமது கிணற்றடியில் பழைய ஆயில் இஞ்சின் ஒன்று இருக்கிறது. மின்சார மோட்டார் வந்தபின் கோழி அடைகாப்பதற்கே அது உபயோகப்பட்டு வந்தது. சென்ற மாதம் பழைய இரும்பு வியாபாரி வந்து, "எடைக்கு எடுத்துக்கறனுங்க, வாத்தியாரே!" என்றார். நாமும் தராசைக் கொண்டுவரச் சொல்லிவிட்டோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. 1920-ல் ஸ்ரீ ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியது நமது ஊர் வழியாகத்தான். மோட்டார் சைக்கிளை அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டியே அவர் யந்திர வித்தை கற்றார். பள்ளிக்கூடத்தில் அல்ல என்பதை உபாத்தியாயராகிய நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். 1937-ல் ஸ்ரீ டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைச் செய்தவரும் அவரே. ஆயில் இஞ்சினுக்கு ஓய்வு கொடுத்த வம்சத்தின் மூலபுருஷர்! ஆயினும் பழைய யந்திரங்களை அந்தக் குடும்பம் உதறிவிடவில்லை. 2015-ல் கோவையில் திறந்த மோட்டார் காட்சிசாலையே அதற்குச் சாட்சி.

மேல்நாடுகளிலும் இந்தப் பித்து உண்டு. 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் செய்த மின்சார மரரம்பத்தைப் பிடிக்க இரண்டு ஆட்கள் வேண்டும். பழைய மோட்டார் ரம்பங்களைத் தேடிச் சேர்த்து, ஓட்டிப் பார்த்து மகிழ்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மறுநாள் ஊரிலுள்ள வயோதிக பிட்டரை அழைத்தோம். பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தது. சிலிண்டரில் மண்ணெண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்தார், டாங்கியிலிருந்த பழைய டீசலை வடித்தார், நாஸிலைத் துடைத்தார். நான்காம் நாள் காற்றழுத்தத்தை விடுவிக்கும் லீவரைத் தூக்கிவிட்டு, கைப்பிடியைச் சுழற்றினார். பெரிய சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரைத் தள்ளினார். இருமுறை புகை, மூன்றாம் முறை 'டுப், டுப்' என்ற சப்தம்! கோழிகள் ஓட்டமெடுத்தன. தராசுடன் வந்த வியாபாரியும் நின்று ரசித்துவிட்டுத்தான் போனார்.

"மாசத்துக்கு ஒருக்கா ஓட்டுனாப் போதுமுங்க, துரு அண்டாது" என்றார் பிட்டர். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். லீவரை எந்த க்ஷணத்தில் தள்ளவேண்டும் என்பது அவருடைய காதுக்குத்தான் தெரியும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஆகையால் ஞாயிறுதோறும் நம் மாணவர் இருவரை அவரிடம் அனுப்புகிறோம். நேயர்கள் வீட்டிலும் இத்தகைய யந்திரம் இருக்கலாம். தராசுக்காரரைக் கூப்பிடுமுன் ஒரு பிட்டரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஒரு பையனையும் நிறுத்தி வையுங்கள்.