விழுப்புரமும் திண்டிவனமும் கேட்கும் நியாயம்

தென்னிந்திய ரயில்வேப் படத்தை விரித்துப் பார்க்கிற எவர் கண்ணிலும் விழுப்புரம் படாமற்போகாது. சென்னையிலிருந்து வருகிற தடம் அங்கே வந்து சேர்ந்ததும், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கும், கடலூர் வழியாக மாயவரத்துக்கும், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும், 1879ஆம் வருஷத்திலேயே போடப்பட்ட இருப்புப் பாதையில் புதுச்சேரிக்குமாக நான்கு கிளைகளாகப் பிரிந்துபோகிறது. ரயில் அங்கே செய்கிற காரியத்தைத் திண்டிவனத்தில் சாலைகள் செய்கின்றன. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வந்து புதுச்சேரிக்கும், செஞ்சி, திருவண்ணாமலை மார்க்கமாகக் கிருஷ்ணகிரிக்கும் போகிறவர்கள் அந்த ஊரில்தான் திரும்பியாக வேண்டும். போக்குவரத்து மிகுந்த இடத்தில் வர்த்தகமும் தொழிலும் தாமாகவே வந்து குடியேறும் என்று பொருளாதார சாஸ்திரம் படித்தவர்கள் சொல்வது முழு உண்மையாயிருந்தால், இவ்விரண்டு ஊர்களும் இந்நேரம் கோயமுத்தூருக்கும் ஈரோட்டுக்கும் இணையாக விளங்கியிருக்க வேண்டும். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் விழுப்புரம் நகரத்தில் 96,253 பேரும் திண்டிவனத்தில் 72,796 பேரும் இருந்தார்கள். கள்ளக்குறிச்சியையும் உள்ளடக்கியிருந்த அன்றைய ஜில்லாவில் நகரவாசிகள் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தாம். மற்றவர்களில் பெரும்பாலோர் நிலத்தை நம்பி வாழ்ந்து, நிலம் கைவிட்ட மாதங்களில் சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்கும், வெளி ஜில்லாக்களுக்குக் கரும்பு வெட்டுக்குமாக மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள்.

இந்த நிலைமைக்கு அரசியல் செல்வாக்கின்மையைக் காரணமாகச் சொல்ல இடமில்லை. 1947 முதல் 1949 வரை சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாயிருந்து, ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்க் குடியானவர். அவருக்குப் பின்னும் இப்பகுதி மந்திரிகளுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் பஞ்சப்பட்டதில்லை. 1993இல் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்டு தனி ஜில்லா அமைத்தார்கள். 2019இல் அதையும் பிரித்துக் கள்ளக்குறிச்சியைத் தனியாக்கினார்கள். கலெக்டர் கச்சேரி பக்கத்தில் வந்தது ஜனங்களுக்குப் பெரிய சௌகரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விளைந்த பொருளை விளைந்த இடத்திலேயே பக்குவப்படுத்தி, அதன் லாபத்தில் நியாயமான ஒரு பங்கை ஊரிலேயே தங்கச் செய்யும் ஏற்பாடு எந்த ஜில்லாப் பிரிவினையாலும் வந்துவிடவில்லை. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது சர்க்காரின் கடமை என்பதும், அதற்கு இன்றியமையாத துணையாகிய திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதையை இனியும் இழுத்தடிப்பது அநியாயம் என்பதும் நமது உறுதியான அபிப்பிராயம்.

மணிலா விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஊர்ப்புறத்தார் மல்லாட்டை என்று வழங்கும் இந்த நிலக்கடலைப் பயிர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்னாற்காட்டில் பரவி, புதுச்சேரித் துறையில் கப்பலேறி, பிரான்ஸ் தேசத்து மார்சேல்ஸ் நகரத்தின் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. ஆட்டுகிற வேலையும் அதனால் கிடைக்கும் கூலியும் அன்றைக்கே கடல் கடந்தன. பின்னர்த் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, அங்கிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற ரகம் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் குடியானவர்களின் நம்பிக்கைக்குரிய விதையாக விளங்கிற்று. நாட்டுக்கே விதை கொடுத்த ஊரில், அந்த விதையின் பலனாக எழுந்த தொழில் என்ன? அறுவடைக் காலத்தில் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி மார்க்கெட் கமிட்டிகளில் மூட்டைகள் குவிகின்றன. விவசாயிகள் ஏலத்துக்கும் எடைக்கும் பட்டுவாடாவுக்கும் காத்துக் கிடக்கிறார்கள். மேகம் கறுத்துவிட்டால் தார்ப்பாய் தேடி ஓடுகிறார்கள். 1933ஆம் வருஷத்துச் சென்னை வியாபாரப் பயிர்கள் மார்க்கெட் சட்டம் தரகர்களின் கள்ள எடையிலிருந்தும் மனம்போன கழிவுகளிலிருந்தும் குடியானவர்களைக் காப்பாற்ற வந்தது. அந்த அளவில் அதனால் விளைந்த நன்மை பெரிது. இத்தனை காலத்துக்குப் பிறகும் கமிட்டி என்பது எடைபோட்டு வெளியே அனுப்புகிற இடமாக மட்டுமே நிற்பானேன்? தோல் உடைத்து, பருப்பைத் தரம் பிரித்து, எண்ணெய் ஆட்டி, புட்டியில் அடைத்து, பிண்ணாக்கைச் சுற்றுப்புறத்து மாடுகளுக்கே விற்கிற கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்று அதன் மதிலுக்குள்ளேயே ஏன் இயங்கலாகாது? தனக்கு வேண்டிய சமையலெண்ணெயில் பாதிக்குமேல் அந்நிய தேசங்களிலிருந்து வாங்குகிற நாடு இது. மணிலா விளைகிற ஊரின் மளிகைக் கடைகளில் பாமாயில் பொட்டலம் முன்வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து நமக்கு வியப்புக்கூட எழுவதில்லை; அவ்வளவு பழகிவிட்டது.

தர்ப்பூசணியின் சங்கதி இன்னும் சமீபத்தியது. 2025ஆம் வருஷத்துக் கோடையில், பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பீதி சென்னையில் கிளம்பியதுதான் தாமதம், வாங்குவோர் ஒதுங்கினார்கள். திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் கடன் வாங்கிப் பயிரிட்டவர்கள் விலை சரிவதைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்கள். அருகில் ஒரு சாறு பிழியும் ஆலை இருந்திருந்தால் அந்த நஷ்டம் முழுவதும் தவிர்ந்திருக்கும் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். தர்ப்பூசணி அவ்வளவு எளிதில் பதப்படுத்தக்கூடிய பழமன்று. ஆயினும், ஒரே பட்டணத்தின் ஒரே மாதத்து வாங்கும் மனநிலையை நம்பி ஒரு வட்டாரத்தின் முழு வருஷத்து ஜீவனமும் நிற்பது எவ்வளவு அபாயகரம் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

சர்க்கார் இக்குறையை உணரவேயில்லை என்று கூறுவது நியாயமாகாது. திண்டிவனத்தை அடுத்துச் சிப்காட் தொழிற்பூங்காவும் உணவுப் பூங்காவும் ஏற்பட்டிருக்கின்றன; அவற்றை வரவேற்கிறோம். ஆனால் பெரிய கம்பெனிகள் ஏக்கர் கணக்கில் மனை பெற்று, எங்கிருந்தோ மூலப்பொருளைத் தருவித்து, ஊராருக்குக் காவல் வேலையையும் கூட்டிப் பெருக்குகிற வேலையையும் மட்டும் மிச்சம் வைக்கிற வழக்கம் வேறு பல தொழிற்பேட்டைகளில் கண்டதுதான். பூங்காவின் ஒரு பகுதியைச் சிறு கொட்டகைகளாகக் கட்டி, உலர்த்தும் யந்திரமும் குளிர்பதன அறையும் பொதுவில் அமைத்து, உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் மாத வாடகைக்கு விடவேண்டும். மனை வாங்கும் சக்தி உள்ளவர்களுக்கே தொழில் என்ற விதி இருக்கும்வரை, இரண்டு ஏக்கர் மணிலாக்காரருக்கு அந்தப் பூங்காவின் வேலி மட்டுமே தெரியும். இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். தமிழ்நாட்டின் முதல் மினி டைடல் பூங்கா என்று 2024 பிப்ரவரியில் விழுப்புரத்தின் பெயரால் திறக்கப்பட்ட கட்டடம், வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில், புதுச்சேரிக்கு மிக அருகில் நிற்கிறது. அதில் வேலை பெறுகிற விழுப்புரத்துப் பையன் புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்குவதையே லாபமாக நினைத்தால், அவனைக் குறை சொல்ல முடியாது.

இனி, ரயில் பாதை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துக்குப் புதிய பாதை போட 2006–07ஆம் வருஷத்தில் அனுமதி கிடைத்தது, அடிக்கல்லும் நாட்டினார்கள். அதன் பின் வந்த சில வரவுசெலவுத் திட்டங்களில் இதற்கு ஒதுக்கப்பட்ட தொகை ஆயிரம் ரூபாய். ஆயிரம் ரூபாய்க்குத் தண்டவாளம் வராது. திட்டம் இன்னும் உயிரோடிருப்பதாகக் கணக்குப் புத்தகத்தில் காட்டுவதற்குத்தான் அது பயன்படும். பிற்பாடு கோடிக்கணக்கில் ஒதுக்கீடு செய்தபோது, காரியம் நிலத்தில் போய் முட்டிக்கொண்டது. வேண்டிய 273 ஹெக்டேரில் கைக்கு வந்திருப்பது 33 ஹெக்டேர்தான் என்பது ரயில்வே இலாகா பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்ப அளித்திருக்கும் விடை. நிலத்தை எடுத்துத் தரவில்லை என்று டில்லி சென்னையைச் சொல்கிறது. பணத்தை முறையாகத் தரவில்லை என்று சென்னை டில்லியைச் சொல்கிறது. இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதுவே இருவருக்கும் சௌகரியமாகவும் போய்விட்டது.

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குப் போகிற பக்தர் கூட்டத்தால் செஞ்சிச் சாலை திணறுவதை அந்தப் பக்கத்தார் எல்லோரும் அறிவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தபோது, அவற்றில் தமிழ்நாட்டுக்கு உரியதாக இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை ஒன்றே. உலகம் முழுவதும் அறிவித்து அழைக்கப்பட்ட அந்த ஸ்தலத்துக்கு ரயில் நிலையம் இல்லை. வருமானம் கட்டாது என்று கணக்குப் பார்க்கிற அதிகாரிகள் இந்த இரண்டு விஷயங்களையும் தங்கள் கணக்கில் சேர்த்தார்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

இத்தகைய கணக்கு பொய்த்துப்போனதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். ஸ்காட்லாந்தின் தென்கோடியில் பார்டர்ஸ் என்று ஒரு பிரதேசம் உண்டு. காலஷீல்ஸ், ஹாயிக் முதலிய சிற்றூர்கள் கம்பளி நெசவால் பிழைத்தவை. லாபமில்லையென்று அவ்வூர்களின் ரயில் பாதையை 1969 ஜனவரியில் மூடினார்கள். நெசவாலைகளும் ஒவ்வொன்றாக நலிந்து, வாலிபர்கள் எடின்பரோவை நோக்கிப் போகத் தொடங்கியபின், ஊரார் இடைவிடாது கிளர்ச்சி செய்தார்கள். பாதையை மீண்டும் போடுவதற்கான சட்டம் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்தில் 2006இல் நிறைவேறிற்று. நமது பாதைக்கு அனுமதி கிடைத்ததும் அந்தச் சமயத்தில்தான். அங்கே சுமார் 48 கிலோமீட்டர் புதிய தடம் போட்டு 2015 செப்டம்பரில் வண்டி விட்டார்கள். முதல் வருஷத்திலேயே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணங்கள் நடந்து, சந்தேகித்தவர்களின் மதிப்பீட்டைப் பொய்யாக்கின. அதே சமயத்தில், அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். பட்டணத்தில் வேலை செய்கிறவர்கள் இரவில் வந்து தங்கும் ஊர்களாகத் தங்கள் ஊர்கள் மாறிவிடுமோ என்ற கவலை அங்கே உண்டு; தடம் எட்டாத ஹாயிக் வாசிகளோ இன்னும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாதை மட்டும் வந்து, ஊரில் தொழில் வராவிட்டால், திண்டிவனமும் தாம்பரத்துக்கு அப்பால் உள்ள மற்றொரு புறநகராகிவிடும்.

இது வெறும் ஊகமன்று. ஜி.எஸ்.டி. சாலையை நான்கு வழியாக்கி, ஊர்களுக்கு வெளியே பை-பாஸ் போட்டதன் பலனை நாம் கண்ணாரக் காண்கிறோம். வண்டிகள் வேகமாகப் போகின்றன, விபத்து குறைந்த தெருக்கள் நிம்மதியடைந்தன, உண்மைதான். ஆனால் சாப்பாட்டுக் கடை, பழக்கடை, பஞ்சர் கடை என்று வழிப்போக்கரை நம்பியிருந்த சில்லறை வியாபாரம் கடைவீதியை விட்டு நழுவி, விக்கிரவாண்டிப் பக்கம் பஸ்கள் கூட்டமாக நிற்கிற பெரிய உணவகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சுங்கச் சாவடியில் வசூலாகும் பணத்தில் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று நகரசபையாரைக் கேட்டால் சிரிக்கிறார்கள்.

விவசாயத்தை நம்பிய தொழிலுக்குத் தண்ணீரும், வெள்ளத்திலிருந்து பாதுகாப்பும் வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை. தென்பெண்ணையில் தளவானூருக்கு எதிரே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி 2020இல் திறந்த தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைந்தது. அவ்வருஷ நவம்பர் வெள்ளத்தில் பழைய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சேதமுற்றது. 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அந்த நாட்களில் பட்டணத்துக்காரர்களுக்கு எட்டிய முதற்செய்தி விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் பாலத்தருகே ரயில்கள் நிறுத்தப்பட்டதுதான். மூழ்கிய வயல்களின் செய்தி மெதுவாக வந்தது.

வேலை வருவதோடு, யாருக்கு வருகிறது என்பதும் இந்த ஜில்லாவில் அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வியன்று. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் மூண்ட கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதை அந்நகரம் மறக்கலாகாது. நிலமற்ற கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் பதவியும் தராமல், மனைக்காரர்களையும் மில்காரர்களையும் மட்டும் வளர்க்கிற அபிவிருத்தியை நாம் ஆதரிக்கவில்லை. சிப்காட் ஒப்பந்தங்களிலேயே உள்ளூர் நியமனத்துக்கும் தொழிற்பயிற்சிக்கும் நிபந்தனை எழுதி, அது நிறைவேறுகிறதா என்பதை வருஷந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

பிப்ரவரியில் மத்திய வரவுசெலவுத் திட்டம் வருமுன் செய்து முடிக்கக்கூடிய காரியங்கள் உண்டு. மாநில சர்க்கார் மிச்சமுள்ள நிலத்தின் சர்வே எண்களையும், ஒவ்வொரு கிராமத்திலும் நில எடுப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் வெளியிட்டு, 2013ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம் வகுத்த நஷ்டஈட்டைத் தாமதமின்றிக் கொடுப்பதாக நிலக்காரர்களுக்கு எழுத்து மூலம் உறுதி அளிக்கட்டும். அந்தத் தொகை முழுவதையும் ஒரே தவணையில் ரயில்வே இலாகா கட்டட்டும். பாதை செல்லும் விழுப்புரம், ஆரணி, திருவண்ணாமலை ஆகிய மூன்று தொகுதிகளின் பாராளுமன்ற அங்கத்தினர்களும் ஒன்றாகப் போய் ரயில்வே மந்திரியைச் சந்தித்து, எந்தத் தேதிக்குள் எந்த நிலையம்வரை வண்டி ஓடும் என்று கேட்டு, கிடைத்த பதிலைத் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் பொதுக்கூட்டம் போட்டு ஜனங்களுக்குச் சொல்லட்டும்.