மலையேறிய வண்டிக்குத் தரை துச்சமா?

"மலையேறின வண்டிங்க இது. தரையில தூங்கிக்கிட்டே போகும்!"

இந்த ஒரு வாக்கியத்தை மலையகத்திலே நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. துரைமார் சொல்லியிருக்கிறார்கள், சாரதிகள் சொல்லியிருக்கிறார்கள், கராஜ் பாஸ்மார் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அண்மையில் கித்துல்கலவில் மறுபடியும் கேட்டேன். கேட்டுவிட்டு வாளாவிருக்க முடியாமல்தான் இதனை எழுதுகிறேன். பழைய ஜீப் ஒன்றை நெடும்பயணத்துக்கு ஆயத்தம் செய்வது பற்றி நம்மவர்களிடையே நிலவும் மூடநம்பிக்கைகளில் இதற்கே முதலிடம் கொடுக்கவேண்டும்.

விடயம் இதுதான். தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர், குடும்பத்தோடு கிளிநொச்சிக்குக் குடிபெயர்கிறார். மனைவி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். அவர்களைச் சுமந்து செல்லப்போவது தோட்டத்து ஏலத்தில் எப்போதோ எடுத்த லாண்ட் ரோவர் மூன்றாம் வரிசை வண்டி. 109 அங்குல நீள ரகம், டீசல். 1971 முதல் 1985 வரை வெளிவந்த அந்த வரிசையில், எப்படிப் பார்த்தாலும் வயது நாற்பதைத் தாண்டிய கிழம். கித்துல்கலவிலிருந்து யட்டியாந்தோட்டை, கரவனெல்லை, கேகாலை, குருநாகல், தம்புள்ளை என்று போய், ஏ9 வீதியைப் பிடித்து, வவுனியாவைத் தாண்டி வடக்கே செல்லவேண்டும். ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர்.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து வாசிக்கும் அன்பர்கள் "முந்நூறு கிலோமீற்றர் ஒரு தூரமா?" என்று நகைக்கக்கூடும். நகைக்கவேண்டாம். இந்தத் திசையில் நம் மக்கள் முன்னரும் போயிருக்கிறார்கள். 1977 இலும் 1983 இலும் லயங்கள் எரிந்தபோது, கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் அநேகர். அன்று வண்டியின் பிரேக்கைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. இன்று நாள் பார்த்து, நேரம் பார்த்து, பால் காய்ச்சிக் குடிபுகப் போகிறவர்களுக்கு அவகாசம் தாராளமாக இருக்கிறது. அந்த அவகாசத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் என் வழக்கு.

கூரைமேல் இரும்புத் தாங்கி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். அதன் நெற்றியில் நான்கு விளக்குகள். முன்னால் இழுவை வின்ச். பக்கவாட்டில், யானைத் துதிக்கைபோல மேலெழுந்து நிற்கும் காற்றுக்குழாய். மகனுக்கு ஆசை. காணொளிகளில் ஆபிரிக்கப் பாலைவனத்தைக் கடக்கும் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை. ஏ9 வீதியில் எந்த இடத்தில் பொனெட்டுக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டேன். "வெள்ளம் வந்தா ஐயா?" என்றார். வெள்ளம் வந்தால் வண்டியை இறக்கக்கூடாது, தம்பி! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கலா ஓயா வெள்ளத்தில் பேருந்தே சிக்கிக்கொண்டதைக் கண்டோம். இஞ்சின் மூச்சுவிடக் குழாய் வைக்கலாம், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நீருக்கு என்ன வைப்பது?

சரி, மூடநம்பிக்கைக்கு வருவோம்.

தோட்டத்து ஜீப் வலிமையானது என்பது பாதி உண்மை. அது மெதுவானது என்பதே முழு உண்மை. காலையில் பங்களாவிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து ஃபெக்டரிக்கு, மணிக்குப் பதினைந்து இருபது கிலோமீற்றர் வேகத்தில், தாழ்ந்த கியரில் ஊர்ந்து பழகிய வண்டி அது. அரைமணி ஓடும், இரண்டு மணி நிற்கும். கித்துல்கலவிலோ ஓயாத மழை, குளிர்ந்த காற்று. அங்கே ரேடியேட்டரின் பாதிக் குழாய்கள் அடைபட்டுக் கிடந்தாலும் இஞ்சின் கொதிக்காது. கொதிக்காததால் அடைப்பு யாருக்கும் தெரியாது. அதே வண்டியைத் தம்புள்ளைக்கு வடக்கே, உச்சி வெயிலில், ஆறுபேரோடும் மூட்டைமுடிச்சுகளோடும் மூன்று மணிநேரம் நிறுத்தாமல் ஓட்டினால், மலையடிவாரத்துக் குளிர் இத்தனை வருடமாக மூடிவைத்திருந்த நோயெல்லாம் ஒரே நாளில் வெளிவரும். மலை இந்த வண்டியைப் பலப்படுத்தியதாக நினைக்கிறோம். அது நோயை மறைத்துத்தான் வைத்திருந்தது.

சக்கரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். களனி ஆற்றங்கரையில் ரப்பர் படகுகளை ஏற்றி இறக்கும் வேலைக்கும் இந்த வண்டி வாடகைக்குப் போயிருக்கிறது. நீரில் இறங்கி நின்ற வண்டியின் அச்சுக்குள்ளும் ஹப்புக்குள்ளும் கசியும் இடத்தால் தண்ணீர் புகும். அடியிலுள்ள ஆணியைத் திறந்தால் வரும் எண்ணெய் பால்நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். பால்நிறக் கிரீசோடு பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில் வருடக்கணக்கில் ஓடலாம். அறுபதில், மணிக்கணக்கில் ஓடமுடியாது. பெயரிங் சூடேறும், அழியும், சிலவேளை சக்கரமே பிடித்துக்கொள்ளும். நான்கு ஹப்பையும் திறந்து கழுவிப் புதுக் கிரீஸ் அடைக்க ஒரு நல்ல பாஸுக்கு ஒரு நாள் போதும். அந்த நான்கு விளக்குகளையும் பொருத்த இரண்டு நாள் எடுத்தார்களாம்!

டயர்? "பட்டன் அப்படியே இருக்கு" என்று காட்டினார்கள். இருக்கத்தான் செய்யும். ஊர்ந்துபோகும் வண்டியில் டயர் தேயாது, முதுமைதான் அடையும். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு, உற்பத்தியான வாரம். அடுத்த இரண்டு, வருடம். குனிந்து பார்த்தேன்: 2311. அதாவது 2011 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். அந்த டயர் பிறந்தபோது மூத்த பேரப்பிள்ளை பிறக்கவில்லை. ரப்பர் இறுகி, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. சூடான தார்வீதியில், கனத்த சுமையோடு, வேகத்தில் சுழலும்போது அந்த வெடிப்புகள் என்ன செய்யும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ரப்பர் மரத்தடியில் வாழ்ந்த மனிதருக்கு ரப்பரின் முதுமை தெரியாமற்போனது விந்தைதான்.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட என்னைக் கலக்கியது, வண்டியைப் பின்னால் எடுக்கையில் சாரதி ஆசனத்திலிருந்து கேட்ட 'டக் டக்' என்ற சத்தம். பிரேக்கை இரண்டுமுறை மிதிக்கிறார்கள்!

"ரெண்டு தரம் அடிச்சா கல்லு மாதிரி நிக்கும், ஐயா."

இலங்கையின் பழைய வண்டிகளின் தேசியகீதம் இது. முதல் மிதியில் பிடிக்காத பிரேக், பிரேக்கே அல்ல. இந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். லைனிங்குக்கும் ட்ரம்முக்கும் இடையிலுள்ள இடைவெளி தானாகச் சரியாகாது, மனிதன் கையால் திருகிச் சரிசெய்யவேண்டும். அது தளர்ந்திருந்தால் மிதி தாழும். குழாயில் காற்றுப் புகுந்திருந்தாலும் தாழும். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் தாழும். மூன்றில் எது என்று பார்க்காமல், காலை இரண்டுதரம் அசைத்துச் சமாளிக்கப் பழகிக்கொள்கிறோம். பழைய ரகங்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும்.

இன்னொன்று. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரநிர்ணயம். ஈரம் ஏறிய பின்னர் அந்த எல்லை 140 ஆகிவிடுகிறது. இந்த நாட்டின் மிக ஈரமான ஊர்களில் ஒன்றில், வருடக்கணக்காக மாற்றப்படாமல் கிடந்த எண்ணெயில் எவ்வளவு ஈரம் இருக்கும்? இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ட்ரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும். சூடு எண்ணெய்க்கு ஏறினால் எண்ணெய் கொதித்து ஆவியாகும். திரவத்தை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். மிதி தரையைத் தொடும். அப்போது இரண்டுதரம் அல்ல, இருபதுதரம் அடித்தாலும் பயனில்லை.

மலைவீதியில் சுமையேறிய வண்டியொன்று கட்டுப்பாட்டை இழந்தால் என்னாகும் என்பதை 2025 ஆம் ஆண்டிலேயே இருமுறை பார்த்துவிட்டோம். மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல-வெல்லவாய வீதியில் பதினைந்து பேர். காரணங்கள் வெவ்வேறாக இருக்கலாம். பள்ளத்தாக்குக்குக் காரணம் தேவையில்லை.

இனி அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2008 முதல் நம் நாட்டில் புகைப் பரிசோதனை வந்தது. அந்தச் சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. நல்லது, வரவேற்கிறேன். நண்பரின் வண்டியும் அதில் தேறியிருக்கிறது. புகைக்குழாயில் கருவியைச் செருகிப் பார்த்தவர்கள், அதற்கு இரண்டு முழத் தூரத்திலிருக்கும் பிரேக் ட்ரம்மைப் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்கள் வேலையும் அன்று. காற்று மாசுபடக்கூடாது என்று அக்கறைப்படும் அரசு, அந்தக் காற்றைச் சுவாசிக்கும் பிள்ளை வீடு போய்ச் சேரவேண்டும் என்றும் அக்கறைப்படலாம் அல்லவா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. திறந்த கதவின் வாசலிலே வரி மலைபோல் நிற்கிறது. ஓய்வுபெற்ற கிளாக்கர் புது வண்டிக்கு எங்கே போவார்? கிழட்டு வண்டிகளை நம்பித்தான் மக்கள் வாழவேண்டும் என்று முடிவு செய்துவிட்ட நாடு, அவை நிற்கின்றனவா என்றாவது பார்க்கக் கடமைப்பட்டது.

அதற்காக நம்மவர் தப்பித்துக்கொள்ள முடியாது. "லாண்ட் ரோவர் துருப்பிடிக்காது" என்று இன்னொரு வேதவாக்கு உலவுகிறது. உடல் அலுமினியக் கலவை, அது துருப்பிடிக்காதுதான். அந்த உடலைச் சுமக்கும் சேசிஸ் இரும்பு. பெட்டிபோன்ற அதன் உள்ளறைகளில் தோட்டத்துச் சேறு அடைந்து, ஈரத்தைப் பிடித்துவைத்து, உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கறுப்புத் தார் பூசி மினுக்கியிருப்பார்கள். சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'கணீர்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் துரு. பின்குறுக்குச் சட்டத்தையும், ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடங்களையும் கட்டாயம் தட்டவேண்டும். இந்த வண்டியில் வலப்பக்கப் பின்பட்டை தொங்கும் இடத்தில் 'பொத்' என்றது. அதற்கு நேர் மேலேதான் கூரைத் தாங்கியின் கால் நிற்கிறது.

அந்தத் தாங்கியில் எதை ஏற்றப்போகிறார்கள் தெரியுமா? இரும்புக் கட்டில் இரண்டு, அலுமாரி ஒன்று. உள்ளே, பக்கவாட்டு வாங்குகளில், இடுப்புப் பட்டி எதுவும் இல்லாமல், பிள்ளைகள். அவர்களின் காலடியில் அம்மியும் தையல் இயந்திரமும். அந்தி சாய்ந்தபின் வன்னியின் வீதிகளில் மாடுகள் படுத்திருக்கும். திடீரென்று ஒடித்துத் திருப்பும் அந்தக் கணத்தில், ஏற்கெனவே உயரமான வண்டி, தலையில் அலுமாரியோடு எப்படி நிற்கும்? நிற்காமற் சரிந்தால் அம்மி எங்கே போகும்?

என் சொல் கடுமையாக இருப்பதாக நண்பரின் மகன் வருத்தப்பட்டார். "அப்பா இந்த வண்டியிலதான் எங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாரு, ஐயா. இத வித்துட்டுப் போக மனசு வரல" என்றார். விற்கச் சொல்லவில்லையே! அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். பாசமிருப்பவர் ட்ரம்மைத் திறந்து பார்ப்பார். மாஸ்டர் சிலிண்டருக்கும் வீல் சிலிண்டர்களுக்கும் ரப்பர், நான்கு சக்கர லைனிங், வளையும் பிரேக் குழாய்கள், புதிய எண்ணெய், ரேடியேட்டர் கழுவல், ஃபேன் பெல்ட், ஐந்து டயர். பஞ்சிகாவத்தையில் ஒரு காலைப்பொழுது அலைந்தால் டயர் தவிர மற்றவை கிடைக்கும். அந்தத் துருவேறிய இடத்தை வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து ஒட்டவேண்டும், மேலே தார் பூசுவதல்ல. பிறகு சுமையோடு கித்துல்கலவிலிருந்து கேகாலை வரை ஒருமுறை போய்வரவேண்டும். வந்ததும் நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும். எது கைசுடுகிறதோ அதை மறுபடி திறக்கவேண்டும்.

கட்டிலும் அலுமாரியும் அம்மியும் லொறியில் போகட்டும். யட்டியாந்தோட்டையில் லொறிக்காரர் ஒருவரிடம் நானே கிளிநொச்சிக்கு வாடகை விசாரித்தேன். அவர் கேட்ட தொகை, நெற்றியில் மாட்டிய அந்த நான்கு விளக்குகளின் விலையைவிடக் குறைவு.